மழைக்காலத்தில் மூன்று மாதம் ஊர் சுற்றுவது எப்படி?

படிப்பு முடிந்த இடைவெளியோ, வேலை மாறும் இடைவெளியோ, நீண்ட விடுப்போ, பலருக்கும் கையில் கிடைப்பது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான். சேர்ந்தாற்போல் மூன்று மாதம் வட இந்தியா வரை போய் வரலாம் என்று வாயெடுத்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "மழையில எங்க போய் அலையப் போற?" கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழை வரும் தேதி, போகும் தேதி, நனைக்கும் பக்கம், விட்டுவைக்கும் பக்கம் எல்லாம் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்த சங்கதி. அதனால் எந்த ஊருக்குப் போவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர் என்பதில் கவனம் வையுங்கள். முதல்முறை நெடும்பயணம் போகிறவர்களுக்காக, தமிழ்நாட்டிலிருந்து ஜூலை தொடக்கத்தில் கிளம்பி அக்டோபர் நடுவில் வீடு திரும்பும் ஒரு சுற்றை வைத்தே இதைச் சொல்கிறேன். ரயில், பஸ், நடுவில் ஒரே ஒரு விமானம். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

மழையின் தேதிகளை முதலில் காலண்டரில் எழுதுங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையம் 2020இல் திருத்திய தேதிகள் இவை. பருவமழை கேரளத்தில் தொடங்குவது ஜூன் 1. மும்பை ஜூன் 11. டெல்லி ஜூன் 27. ஜூலை 8 வாக்கில் நாடு முழுவதையும் பிடித்துவிடும். விலகத் தொடங்குவது மேற்கு ராஜஸ்தானிலிருந்து, செப்டம்பர் 17 வாக்கில். அக்டோபர் 15க்குள் நாட்டை விட்டு விலகும். அதன் பின்னாலேயே, அக்டோபர் 20ஐ ஒட்டி, நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும்.

இவை சராசரித் தேதிகள்தான். 2023இல் ஜூன் 8ஆம் தேதிதான் கேரளத்துக்கு மழை வந்தது. 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு தேதிக்கும் முன்னும் பின்னும் பத்து நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். மழை தெற்கிலிருந்து வடக்கே ஏறுகிறது, வடமேற்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. நாமும் ஏறும்போது அது நனைக்காத பக்கமாக ஏறி, இறங்கும்போது அதன் பின்னாலேயே இறங்க வேண்டும்.

மலையின் எந்தப் பக்கம்?

காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, சுமையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. தாண்டி வருவது பெரும்பாலும் காற்றும் கொஞ்சம் சாரலும். இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு குறுகிய தூரத்தில் நடக்கிறது என்பது நேரில் பார்த்தால்தான் உறைக்கும்.

மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் மழை. ஜூலையில் அங்கே வீட்டுச் சுவர்களையும் கடை முகப்புகளையும் காய்ந்த புல் தட்டியாலும், இப்போதெல்லாம் நீலப் பிளாஸ்டிக் தாளாலும் மூடிக் கட்டியிருப்பார்கள். மூடுபனியில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்குதான் தெரியும், பஸ் தெரியாது. அங்கிருந்து பஞ்ச்கனி வழியாக வாய் என்ற ஊருக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறுங்கள். பஞ்ச்கனியில் மழை தூறலாகிவிடும். பசர்ணி கணவாயின் வளைவுகளில் பாதி இறங்கும்போது ஓட்டுநர் வைப்பரை நிறுத்திவிடுவார். வாய் பஸ் நிலையத்தில் தரை காய்ந்திருக்கும், குடை வைத்திருப்பவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். மொத்தத் தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

நமக்குத் தெரிந்த நீலகிரியிலும் இதே கதைதான். கூடலூரும் பந்தலூரும் தேவாலாவும் ஜூலையில் நனைந்து ஊறும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அதே சமயத்தில் கோத்தகிரிப் பக்கம் அவ்வளவு மழை இருக்காது. அதற்கு முறை வருவது ஐப்பசி, கார்த்திகையில்.

ஆகவே இரண்டாவது வேலை, மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தைத் திறந்து, போக நினைக்கும் ஒவ்வோர் ஊரும் மலைக்கு மேற்கேயா கிழக்கேயா என்று குறித்துக்கொள்வது. ஹம்பி, பாதாமி, விஜயபுரா, எல்லோரா எல்லாம் கிழக்கு. கோவா, கோகர்ணா, ஆகும்பே, வயநாடு எல்லாம் மேற்கு. வடக்கே லடாக்கும் ஸ்பிதியும் இமயமலையின் முதுகுப் பக்கம். லேயில் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 10 செ.மீ.தான். மணாலி, சிம்லா, தர்மசாலா, உத்தராகண்ட் எல்லாம் மழை நேராக மோதும் பக்கம். ஜூலை, ஆகஸ்டில் மணாலிக்குச் சலுகை விலையில் பேக்கேஜ் வந்தால், விலை ஏன் குறைந்தது என்று யோசியுங்கள்.

வரிசை போடுவோம்

ஜூலை முதல் மூன்று வாரம் தக்காணத்தில். பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ஹொசபேட்டை, அங்கிருந்து ஹம்பி. வானம் மூடியே இருக்கும், பாறை சுடாது. ஏப்ரலில் காலை ஒன்பது மணிக்கு மேல் நிற்க முடியாத இடத்தில் நாள் முழுக்க நடக்கலாம். ஒன்றே ஒன்று, துங்கபத்திரா அணை நிரம்பி மதகைத் திறந்தால் ஆற்றங்கரை மண்டபங்கள் சில மூழ்கிவிடும், படகும் பரிசலும் நின்றுவிடும். எனவே அறையை ஊர்ப்பக்கம் எடுங்கள், அக்கரையில் எடுக்காதீர்கள். அப்புறம் பாதாமி. நல்ல மழை பெய்த மறுநாள் அங்கே செம்பாறையின் உச்சியிலிருந்து அக்கா தங்கி அருவி விழும். மழை இல்லாத மாதங்களில் அது வெறும் பாறைதான். பாதாமியிலிருந்து விஜயபுராவுக்கும் அங்கிருந்து சோலாப்பூருக்கும் ரயில் உண்டு. பிறகு பஸ்ஸில் எல்லோரா, அஜந்தா. எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கள். எல்லோராவின் 29ஆம் குகைக்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் அருவி உண்டு, அதற்காகவே ஒரு முழு நாள் ஒதுக்கலாம். எல்லோராவுக்குப் பக்கத்து நகரமான சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து டெல்லிக்கு நேர் ரயிலாகச் சச்கண்ட் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் செப்டம்பர் நடுவரை காஷ்மீரும் லடாக்கும். பயணத்தின் நீண்ட பகுதி இதுதான். கட்ரா, ஸ்ரீநகர் இடையே 2025 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆகஸ்டில் ஜம்மு பக்கம் தரைவழியாகப் போகச் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே பெய்த மழையில் ரயிலும் சாலையும் நின்றுபோயின. டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானம் பிடியுங்கள், இந்தச் சுற்றின் ஒரே விமானச் செலவு இது. சில நாள் ஸ்ரீநகர், பிறகு ஜோஜி லா கணவாய் வழியாகக் கார்கில், அங்கே ஓர் இரவு, மறுநாள் லே. நேரே விமானத்தில் லேயில் இறங்கினால் 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும், தலை பிளக்கும். கார்கிலில் தங்கிப் போனால் உடம்பு பழகிக்கொள்ளும். எப்படிப் போனாலும் லேயில் முதல் இரண்டு நாள் அறையும் கடைத்தெருவும் மட்டும்தான்.

மலைக்குப் பின்னால் இருக்கும் மழை மறைவுப் பக்கம் என்றால் மழையே வராது என்று அர்த்தமில்லை. 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வறண்ட மண்ணுக்கு நீரைக் குடிக்கத் தெரியாது, கொஞ்சம் பெய்தாலும் சேறாக ஓடிவரும். காய்ந்த ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், அது எவ்வளவு சமதளமாக இருந்தாலும்.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் லேயிலிருந்து மணாலிக்குச் சாலை வழியாக இறங்கலாம். மழை விலகத் தொடங்கும் நேரம், மேலே பனி இன்னும் பெரிதாக ஆரம்பிக்காத நேரம். மணாலிக்குக் கீழே பியாஸ் ஆற்றை ஒட்டிய நெடுஞ்சாலைதான் சந்தேகத்துக்குரியது. 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் ஆறு அந்தச் சாலையைத் துண்டு துண்டாகத் தின்றது. அதைத் தாண்ட இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள்.

செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் சில நாட்களும் ராஜஸ்தான். பூந்தி, சித்தோர்கர், உதய்ப்பூர். ஏரிகள் நிரம்பி, மலைகள் பச்சையாக, வெளிநாட்டுக் கூட்டம் இன்னும் வராத நாட்கள். புழுக்கம் மட்டும் உண்டு.

அக்டோபர் முதல் பாதியில் குஜராத் வழியாகக் கொங்கண் கரைக்கு இறங்குங்கள். மூன்று மாதம் கொட்டிய இடம் இப்போதுதான் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். மாலையில் இடியோடு ஒரு மழை வரும், ஒரு மணி நேரத்தில் போய்விடும். ரத்னகிரி, கோவா, கோகர்ணா, மங்களூர், பாலக்காடு, வீடு.

மூன்றரை மாதம் இல்லை, இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் ஆகஸ்டில் நேராக ஸ்ரீநகர் போய்விடுங்கள். தக்காணத்தை எந்த ஆண்டு வேண்டுமானாலும் பார்க்கலாம், லடாக்கில் அவசரப்பட முடியாது.

காலி நாட்கள்

புதிதாகப் போகிறவர்களின் திட்டத்தாளில் எல்லா நாளுக்கும் ஓர் ஊர் எழுதியிருக்கும். மழைக்காலத்தில் அது உதவாது. ஆறு நாளுக்கு ஒரு காலி நாள் என்று விடுங்கள். இதைத் தவிர, ஒவ்வொரு மலைப்பாதைக்கும் மறுபக்கம் ஒரு காலி நாள். மலை இறங்கிய அன்று இரவே ரயிலோ, மறுநாள் காலை விமானமோ வைக்கவே கூடாது. சாலை அடைபட்டால் ஆறு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். யாரும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள்.

பணத்திலும் அதே மாதிரி ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு என்பது என் கணக்கு. அதில் சில ஆயிரம் ரொக்கமாகவே இருக்கட்டும். மூன்று நாள் மழையில் கரண்ட் போய், செல்போன் கோபுரமும் படுத்தால், யுபிஐயும் ஏடிஎம்மும் சேர்ந்தே படுத்துவிடும். அப்போது டீக்கடைக்காரரிடம் பத்து ரூபாய்த் தாள் வைத்திருப்பவர்தான் பணக்காரர்.

ரயில்

மழைக்காலத்தில் ரயில்தான் நம்பகமானது. கொஞ்சம் விதிமுறை தெரிந்தால் போதும். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் மூன்றரை மாதப் பயணத்தின் எல்லா டிக்கெட்டையும் வீட்டிலிருந்தே எடுக்க முடியாது. இதை வசதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஓட்டங்களுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். சம்பாஜிநகர் டெல்லி ஒன்று, ராஜஸ்தானிலிருந்து கொங்கண் ஒன்று, வீடு திரும்புவது ஒன்று. குறுகிய தூரத்துக்கு அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தட்கல் வேண்டுமென்றால் ஆதார் சரிபார்ப்பைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10, மற்றவைக்கு 11.

ரயில் ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பிவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் ஏறாமல் விட்டால், முழுப் பணமும் கிடைக்கும். ஆனால் அந்த ரயில் உங்கள் நிலையத்திலிருந்து கிளம்பும் முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டிருக்க வேண்டும். ரயில் போன பிறகு போட்டுப் பயனில்லை.

கொங்கண் ரயில் பாதைக்குத் தனி மழைக்கால அட்டவணை உண்டு. பல ஆண்டுகளாக ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை இருந்தது, 2025இல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கினார்கள். இந்தக் காலத்தில் ரயில்கள் வேகத்தைக் குறைத்து ஓடும். அதனால் புறப்படும் நேரமே சில மணி நேரம் மாறும், சில ரயில்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிடும். போன முறை எத்தனை மணிக்கு ஏறினோம் என்ற நினைவை நம்பி ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் ரயிலை விடுவது இப்படித்தான். பார்வை மறைக்கும் கனமழை என்றால் ஓட்டுநர்கள் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. நடுராத்திரியில் காட்டுக்குள் ரயில் நின்றால் பதற வேண்டாம். கீழே தண்டவாளத்தை ஒட்டிக் குடையும் விளக்குமாக ஒருவர் நடந்து போவது தெரியும். சரிந்த மண்ணும் விழுந்த பாறையும் இருக்கிறதா என்று இரவும் பகலும் பார்க்க ஆள் போட்டிருக்கிறார்கள்.

மலைச்சாலையில் போவதா, நிற்பதா?

பயணத்தில் உயிர் சம்பந்தப்பட்ட முடிவு இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வானிலை மையத்தின் எச்சரிக்கை மாவட்ட வாரியாக வரும், நான்கு நிறங்களில். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. "மௌசம்" செயலியில் பார்க்கலாம். அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 தாண்டினால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. நகரவாசிக்கு இந்த எண்கள் உறைக்காது. 20 செ.மீ. என்பது சென்னையை முடக்கும் மழை. அது செங்குத்தான சரிவில் பெய்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு என்றால் மலைப்பாதையில் கால் வைக்காதீர்கள். சிவப்பு என்றால் அறையை விட்டே நகராதீர்கள். மஞ்சள் நாளில்தான் யோசனை தேவைப்படும். அன்று நான் பார்ப்பது இரண்டு. முதலாவது, அந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்களா? கலெக்டர் லீவு விட்டிருந்தால் நமக்கும் லீவுதான். இரண்டாவது, கடந்த மூன்று நான்கு நாளாக எவ்வளவு பெய்திருக்கிறது? சரிவது இன்றைய மழையால் மட்டும் இல்லை. முந்தைய நாட்களில் குடித்த தண்ணீரால் மண் கனத்து, தளர்ந்து, கடைசி ஒரு மழைக்காகக் காத்திருக்கும். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை 2024 ஜூலை 30 அதிகாலையில் அழித்த நிலச்சரிவுக்கு முந்தைய நாட்களிலும் அங்கே கனமழைதான். ஆகவே விடாமல் பெய்து இன்று காலை வெயில் அடித்தாலும், இன்னொரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஊர் லாட்ஜுக்கு ஃபோன் போடுங்கள். "மழை இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இல்லை சார், வாங்க" என்றுதான் பதில் வரும், அறை காலியாக இருக்கிறதே. "நேற்று சாயந்திர பஸ் வந்ததா? கரண்ட் இருக்கா?" என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

பயணத்தைப் பகலிலேயே முடியுங்கள். முதல் பஸ்ஸில் ஏறி மூன்று மணிக்குள் ஊர் போய்ச் சேர்வது நல்லது. இருட்டில் சரிந்த பாறை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. வழியில் மேலிருந்து சிறு கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தாலும், மரங்கள் புதிதாகச் சாய்ந்திருந்தாலும், அந்த இடத்தில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று கலங்கினாலும், அதைவிட, மழை பெய்துகொண்டே இருக்கும்போது ஓடையில் தண்ணீர் குறைந்தாலும், மேலே எங்கோ அடைத்து நிற்கிறது என்று பொருள். கரையை விட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் நீர் முழங்காலுக்கு வந்தால் நடந்து கடக்க முயலாதீர்கள். எதிரே ஒரு ஜீப் கடந்துவிட்டது என்பது அந்த ஜீப்பின் அதிர்ஷ்டம். அவசரத்துக்கு 112, ரயிலுக்கு 139.

மூடியிருப்பவை

மத்திய இந்தியப் புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை திறக்காது. கிர் காட்டுக்கு ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை விடுமுறை. கோவாவில் கடற்கரைக் குடில்களைப் பிரித்துவிடுவார்கள், கடலில் இறங்கவும் விடமாட்டார்கள். காசியில் கங்கை ஏறினால் படித்துறைகள் முங்கி, படகு நின்று, ஆரத்தியைக் கூரை மேலே நடத்துவார்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் உணவகத்தில் "ஃப்ரெஷ்" மீன் என்று சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இந்தச் சுற்றில் கரைக்கு வருவது அக்டோபரில் என்பதால் மீன் நன்றாகவே கிடைக்கும்.

அறை, பை, உடம்பு

மழைக்காலத்தில் அறையைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும், பூஞ்சை வாடை இருந்தால் அடுத்த அறை. தரைத்தளத்தில் தண்ணீர் வரும், மேல்மாடியில் ஒழுகும், நடுமாடிதான் சரி. சுவரில் புதிதாக வெள்ளையடித்த திட்டு இருந்தால் அதற்கடியில் ஈரம் இருக்கிறது. மெத்தையின் மூலையைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். மின்விசிறி இன்வர்ட்டரில் ஓடுமா என்று கேளுங்கள், ஏனென்றால் துணி காய்வதே அதில்தான். பின்பக்கம் மண் வெட்டிய மலைச்சரிவோ, முன்பக்கம் ஆறோ இருந்தால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கொண்டு போகும் துணி குறைவாக, எல்லாமே சீக்கிரம் காய்கிற ரகமாக இருக்கட்டும். ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் இரண்டு நாள் காயாது, பையில் வைத்தால் பக்கத்துத் துணியும் நாறும். நைலான் கயிறு பத்தடி, கிளிப்பு அரை டஜன். இரவில் விசிறிக்குக் கீழே குறுக்காகக் கட்டிவிட்டால் காலைக்குள் உள்ளாடையாவது காய்ந்துவிடும். ஷூ நனைந்தால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், படுக்கும் முன் ஒருமுறை தாளை மாற்றுங்கள். நடக்க, பின்வார் உள்ள ரப்பர் அடி சாண்டல் நல்லது. ஹவாய்ச் செருப்பு பாசிப் பாறையில் வழுக்கி, முதுகு முழுக்கச் சேற்றையும் அடிக்கும். பைக்கு மேல் உறை போட்டாலும் உள்ளே எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், மேலுறை முதுகுப் பக்கம் தண்ணீரை விடும். குடையும் வேண்டும், ரெயின்கோட்டும் வேண்டும். லடாக்குக்குக் கதகதப்பான உடையை லேயிலேயே வாங்கிக்கொள்ளலாம், தக்காணம் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.

உடம்பைப் பொறுத்தவரை, சேற்றுப்புண்தான் முதல் எதிரி. தினமும் இரவில் கால் விரல் இடுக்கைத் துடைத்துப் பவுடர் போடுங்கள். வெள்ளநீரில் நடந்துவிட்டுச் சில நாளில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் தண்ணீரில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார். காலில் கீறல் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். டெங்குவுக்குக் கொசுவர்த்தியும் முழுக்கைச் சட்டையும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து.

மழையைப் பார்க்கவே போகிறவர்களுக்கு

சிலருக்கு இந்த ஒதுங்கல் எல்லாம் பிடிக்காது, மழையே வேண்டும். நல்லது, ஆனால் அதற்கு முறை வேறு. ஊர் ஊராகத் தாவாதீர்கள். ஒரே ஊரில் ஒரு வாரம் உட்காருங்கள். மழைக்குப் புகழ்பெற்ற இடத்துக்கு ஒன்றரை நாள் வந்து, மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு வாரம் இருந்தால் நடுவில் இரண்டு மணி நேரம் மேகம் விலகும், அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் வந்தோம்.

கர்நாடகத்தின் ஆகும்பேயோ, மேகாலயத்தின் சோஹ்ராவோ நல்ல தேர்வு. நாம் பாடப்புத்தகத்தில் சிரபுஞ்சி என்று படித்த ஊர்தான் சோஹ்ரா. அங்கே மழையில் பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும் கொட்டும், பகலில் நடக்க இடைவெளி கிடைக்கும். அட்டைக்கு உப்புத்தூள் ஒரு சின்ன டப்பாவில். கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் மெல்ல நெம்புங்கள், விட்டுவிடும். அவ்வளவு தூரம் முடியாது என்றால் ஜூலையில் குற்றாலத்தில் ஒரு வாரம் தங்கலாம், சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு. அருவியில் குளிக்கும்போது போலீசார் வெளியே வரச் சொன்னால் உடனே வந்துவிடுங்கள். இங்கே வெயில் அடிக்கும்போது மலைக்கு மேலே பெய்துகொண்டிருக்கலாம்.

வீடு திரும்பும் வாரம்

அக்டோபர் 20க்கு மேல் வெளியில் இருப்பது, கிளம்பிய இடத்திலேயே மழையில் மாட்டிக்கொள்வதற்குச் சமம். அதுவரை நாம் ஒதுங்கி ஒதுங்கிப் போன மழை வேறு, ஐப்பசியில் வருவது வேறு. தமிழ்நாட்டுக்குத் தென்மேற்கில் சுமார் 33 செ.மீ.தான், வடகிழக்கில் 44 செ.மீ. அளவில். அதுவும் வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவானால் சேர்த்துவைத்துக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நாள்கணக்கில் நின்றது.

திரும்பும் டிக்கெட்டை ஆகஸ்டிலேயே, அறுபது நாள் கணக்குப் பார்த்து, லேயிலோ கார்கிலிலோ நெட் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். தீபாவளி அக்டோபரில் வரும் ஆண்டாக இருந்தால் பதிவு திறக்கும் நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். மங்களூரிலிருந்து பாலக்காடு வழியாக வரும்போது மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் மாலை இடிமழை ஆரம்பித்திருக்கும். பகல் ரயிலாகப் பாருங்கள்.

வீடு பூட்டிக் கிடந்திருந்தால், ஜூலையில் கிளம்பும்போதே மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் வாயை யாரையாவது செப்டம்பர் கடைசியில் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டுப் போங்கள். சருகு அடைத்த குழாயோடு முதல் வடகிழக்கு மழையைச் சந்தித்தால் மாடியில் தண்ணீர் தேங்கிச் சுவரில் இறங்கிவிடும். பத்திரம், சான்றிதழ் எல்லாம் கீழ்த் தட்டில் இருந்தால் பரணில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வர ஒரு வாரம் பிந்தினாலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.